பெட்டிக் காசு

டனிஸ்ரன் இறந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, அவனுடைய சவப்பெட்டிக்கு மிச்சக் காசு கேட்டு அருமைராசாவுக்குக் கடிதம் வந்தது.

கடிதம் பிரெஞ்சில் இருந்தது. அருமைராசாவுக்குத் தெரிந்தது வேலைத்தளத்துப் பிரெஞ்சு. சென்ட் லோரன்டில் விமானப் பாகங்களுக்கு வர்ணம் அடிக்கும் தொழிற்சாலையில் ‘இதைத் தூக்கு, அதைக் காயவிடு, சனிக்கிழமை ஓவர்டைம் நிற்கிறாயா’ என்று கேட்கவும் பதில் சொல்லவும் அது போதும். கடிதங்களை அவருடைய மகள் ஷெரோன்தான் வாசித்துச் சொல்லுவாள். அன்றும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு மேசையடியில் அமர்ந்து இன்னொரு தடவை வாசித்தாள்.

“அப்பா, டனிஸ்ரன் அண்ணாவின்ர சாமத்தியம்… சே, அது பொம்பிளைப் பிள்ளையளின்ர சடங்கு. சாவு. அந்தச் செலவில நாலாயிரத்துச் சொச்சம் டொலர் இன்னும் கட்டேல்லையாம். நீங்கள்தான் கையெழுத்து வைச்சதாம். பத்து நாளுக்குள்ள கட்டட்டாம்.”

“ஆர் கேக்கிறது?”

“கடன் அறவிடுற ஒரு கொம்பனி. பெட்டி தந்து உடம்பை அனுப்பின அந்த மலர்ச்சாலையைப் பெரிய ஆக்கள் வாங்கிட்டினமாம். பழைய பாக்கி எல்லாத்தையும் இவையிட்டக் குடுத்திருக்கினம்.”

அடுப்படியில் நின்ற மனைவி பிரியந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அதை செபமாலை அண்ணை கட்டினவர்தானே?”

“கட்டினவர்தான்,” என்றார் அருமைராசா.

“றிசீற் இருக்கோ அப்பா?” என்று ஷெரோன் கேட்டாள்.

பற்றுச்சீட்டு இருக்கவில்லை. ஒருபோதும் இருந்ததுமில்லை.

டனிஸ்ரன் பேசாலைப் பெடியன், பிரியந்தியின் ஊர். அவர்கள் கோட்-டெ-நெய்ஜில் இருந்த காலத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து அவர்களோடு இருந்தான். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் வேலை. பழுத்துப்போன மாம்பழம், நசிந்த ஸ்ட்ரோபெரி என்று ஏதாவது ஷெரோனுக்குக் கொண்டுவருவான். ஒரு ஜனவரி மாலை தலையிடி என்று படுத்தவன் காலையில் எழும்பவில்லை. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயது.

தாய் தொலைபேசியில் வேறொன்றும் கேட்கவில்லை. “என்ர பிள்ளையின்ர முகத்தை ஒருக்காக் காட்டி விடுங்கோ,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, விமானத்தில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பத்தாயிரத்துக்கு மேலே வரும் என்றார்கள். அருமைராசாவிடம் அப்போது ஆயிரமும் இல்லை.

வந்து நின்றவர் செபமாலை. கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபையில் காசுப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. தமிழ்ப் பூசைக்கு வரும் சனத்தில் யாருக்காவது சாவோ வருத்தமோ என்றால், கறுத்த நீளக் கோட்டோடு முதலில் படியேறி வருபவர் அவர்தான். பூசை முடிந்து வாசலில் காணிக்கைப் பெட்டி பிடித்தார். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போன் எடுத்துக் கதைத்துப் பேசாலை ஆட்களிடம் காசு சேர்த்தார். மலர்ச்சாலைக்கு அருமைராசாவைத் தன்னுடைய வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அங்கே பொறுப்பாக ஓர் ஆள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றபோது அவர் சொன்னார்: “நீ வையடாப்பா அருமை. உன்ர வீட்டில இருந்த பிள்ளை. காசை நான் பாக்கிறன்.”

அருமைராசா வைத்தார். பாதிக்கு மேல் அன்றே கட்டப்பட்டது, அவருடைய கண் முன்னால். மிச்சத்தை இரண்டாவது முறை சேர்த்துக் கட்டுவதாகப் பேச்சு. பெட்டி போனது. பேசாலையில் அடக்கம் நடந்த வீடியோவும் வந்தது. இரண்டு கிழமை கழித்துச் செபமாலை தொலைபேசியில், “அலுவல் எல்லாம் முடிஞ்சுது தம்பி,” என்றார். எந்த அலுவல் என்று அருமைராசா கேட்கவில்லை. ஊரே பார்த்து நிற்க ஒரு தாயிடம் பிள்ளையைச் சேர்த்துக் கொடுத்த மனிதரிடம் பற்றுச்சீட்டுத் துண்டு கேட்க எவருக்கும் வாய் வராது.

அந்தச் செபமாலையும் இப்போது இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னர் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. அவருடைய பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அருமைராசாவும் ஒருவர்.

“ஒண்டும் செய்யாதேங்கோ,” என்றாள் ஷெரோன். “எங்கட யூனிவர்சிற்றியில காசில்லாமல் சட்ட ஆலோசனை குடுக்கிற இடம் இருக்கு. எனக்கு இந்தக் கிழமை சோதினை. அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் போனை எடுக்காதேங்கோ, சரியா?”

“சரி,” என்றார்.

ஆனால் போன் அடுத்த நாளே தொடங்கிவிட்டது. வேலையில் கையுறையோடு நிற்கும்போது காற்சட்டைப் பைக்குள் அதிரும். சாப்பாட்டு நேரத்தில் அதிரும். தெரியாத இலக்கம். வேலைத்தள மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம் வந்தது. சம்பளத்தில் பிடித்தால் வீட்டுக் கடன் என்னாவது என்று இன்னொரு பயம். மூன்றாம் நாள் மதியம், தொழிற்சாலைக் கார்த் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தபோது மறுபடியும் அடித்தது. எடுத்தார்.

ஒரு பெண். அவ்வளவு மரியாதையான குரலை அவர் எதிர்பார்க்கவில்லை. ‘போன்ஜூர் மிஸ்யூ’ என்று தொடங்கி, அவருடைய பெயரை இரண்டு தடவை முயன்று, பிழையாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றாள். பிறகு ஆறுதலாக, அவருக்கு விளங்கும் பிரெஞ்சில் கேட்டாள்.

கடிதத்தோடு வந்த பிரதியில் இருப்பது உங்களுடைய கையெழுத்தா?

ஓம், என்னுடையது.

அந்தச் சேவை உங்களுக்குக் கிடைத்ததா? அந்த இளைஞரின் உடல் போய்ச் சேர்ந்ததா?

அதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? டனிஸ்ரன் போய்ச் சேர்ந்தான். தாய் முகம் பார்த்தாள். ஓம், போய்ச் சேர்ந்தது என்றார்.

மிச்சக் காசு கட்டியாயிற்று, ஓர் அண்ணர் கட்டினார் என்று சொல்லப் பார்த்தார். அவருடைய பிரெஞ்சில் அது சரியாக வரவில்லை. ‘அண்ணர்’ என்ற இடத்தில் ‘என் சகோதரர்’ என்று வந்துவிட்டது. உங்கள் சகோதரரிடம் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். அவர் இறந்துவிட்டார் என்றார். அவள் தன் அனுதாபத்தைத் தெரிவித்தாள். அது உண்மையான அனுதாபம் போலத்தான் இருந்தது.

இத்தனை வருடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று கேட்டார். கேட்டிருக்கிறார்கள், கோட்-டெ-நெய்ஜ் விலாசத்துக்குக் கடிதங்கள் போயிருக்கின்றன, சில திரும்பி வந்திருக்கின்றன என்றாள். நீங்கள் வீடு மாறியிருக்கிறீர்கள்தானே, மிஸ்யூ? அவர் ஒளித்துத் திரிந்த ஆள் போல ஆகிவிட்டது.

“நீங்கள் நல்ல மனிதர் என்று தெரிகிறது,” என்றாள். “இன்றைக்கு ஒரு சிறு தொகை கட்டுங்கள். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வழக்கு ஒன்றும் வராது. நாங்களும் தொந்தரவு தரமாட்டோம்.”

நூறு டொலர் என்று அவர்தான் சொன்னார். பணப்பையிலிருந்து அட்டையை எடுத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மிச்சத்தை மாதாமாதம் கட்டுவீர்களா என்று கேட்டதற்கும் ஓம் என்றார். அவள் மெர்சி சொன்னாள், நல்ல நாளாக அமையட்டும் என்றாள். போனை வைத்தபோது நெஞ்சில் கிடந்த கல்லொன்று இறங்கியது போலிருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. முழுவதையும் சாப்பிட்டார்.

இரவு பிரியந்தியிடம் சொன்னார். ஷெரோனிடம் சொல்லவில்லை. பிரியந்தி காசை நினைக்கவில்லை. “முதல்ல அஞ்சலீனா அக்காவிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே,” என்றாள். “எங்கையாவது ஒரு துண்டு கிடக்கும். செபமாலை அண்ணை கணக்கு வழக்கில வலு கவனம்.”

செபமாலையின் மனைவி அஞ்சலீனா. எழுபது வயதாகிறது. கணவர் போன பிறகு கோட்-டெ-நெய்ஜில் ஒரு சின்ன அபார்ட்மென்டுக்கு மாறியிருந்தார். மகள் ஜென்சி அதே தெருவில் இருந்தாள். ஞாயிறு பூசையில் பிரியந்திக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பவர் அஞ்சலீனாதான். அந்த ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் அவரிடம் போனார்கள். பட்டீசும் தேத்தண்ணியும் வைத்தார். ஷெரோனின் படிப்பு, ஜென்சியின் சின்னவன், முழங்கால் நோ என்று கதை போனது. அருமைராசா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“அக்கா, உங்களிட்ட ஒரு விசயம் கேக்கவேணும். அண்ணையின்ர பழைய கடுதாசியள் ஏதும் வைச்சிருக்கிறியளோ? டனிஸ்ரனைப் பேசாலைக்கு அனுப்பின நேரம் மலர்ச்சாலைக்குக் காசு கட்டின துண்டு…”

“துண்டோ?” அஞ்சலீனா யோசித்தார். “வீடு மாறேக்க ஜென்சி எல்லாத்தையும் பை பையாக் கட்டி எறிஞ்சவள் தம்பி. அவற்ற உடுப்பு, கோப்பு, எல்லாம். எனக்கு அப்ப ஒண்டும் பாக்க ஏலாது. ஏன், என்னத்துக்கு?”

சொன்னார். தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார். மலர்ச்சாலைக்காரரின் பிழையாக இருக்கும், கைமாறினபோது கணக்குக் குழம்பியிருக்கும் என்று நடுவில் மூன்று இடத்தில் சொன்னார்.

“எவ்வளவாம்?”

தொகையைச் சொன்னார்.

அஞ்சலீனா எழுந்து, பாதி குடித்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர்கள் புறப்பட்டு வாசலில் சப்பாத்துப் போட்டபோது வந்து நின்றார்.

“அந்த மாதக் கடைசியில வான் பழுதாப்போய், திருத்தக் காசில்லாமல் பஸ்ஸிலதான் திரிஞ்சவர்,” என்றார். “அவ்வளவு காசையும் கையில வைச்சுக்கொண்டு.”

காரில் ஏறிய பிறகு பிரியந்தி கேட்டாள்: “அதை ஏன் சொன்னவ?”

அருமைராசாவுக்கும் அதுதான் விளங்கவில்லை. ஊர்க் காசைத் தொடாத மனிதர் என்று சொன்னாரா? அந்த மாதம் தங்களுக்கும் முடை இருந்தது என்று சொன்னாரா? ஆனால் அந்த வான் அவர் மனதுக்குள் வந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து அது மறுபடி ஓடத் தொடங்கியது அவருக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததே வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமை அவர் வேறு வழிகளும் பார்த்தார். அன்று செபமாலையிடம் காசு கொடுத்தவர்களில் இரண்டு பேர், தாங்கள் காசோலையாகத்தான் கொடுத்தோம் என்று சொன்னார்கள். வங்கியில் கேட்டபோது அவ்வளவு பழைய பதிவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பங்குத் தந்தையிடம் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் குருவானவர் அவர். அலுமாரியைத் திறந்து காட்டினார். “நான் வந்தே ரெண்டு வருஷம்தாங்க ஆகுது. எனக்கு முன்னாடி மூணு ஃபாதர் மாறியிருக்காங்க. இந்தக் கலெக்‌ஷன் எல்லாம் கோயில் கணக்குல வந்திருக்காதுங்க. அவங்களே தனியா பண்ணியிருப்பாங்க,” என்றார். பிறகு அவருக்காகச் செபிப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை ஜென்சி போன் எடுத்தாள். பிரியந்தியின் போனுக்குத்தான் எடுத்தாள். ஆனால் சத்தம் அருமைராசாவுக்கே கேட்டது.

“அக்கா, ஒம்பது வருசமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டு, அப்பா மண்ணுக்குள்ள போனாப் பிறகு வந்து துண்டு கேக்கிறியள். உயிரோட இருக்கேக்க கேக்கப் பயமோ?”

“ஐயோ ஜென்சி, அப்பிடி இல்லையம்மா. எங்களுக்கு இப்பதான் கடிதம்…”

“அம்மா நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. இரவிரவா எழும்பி மேசை லாச்சிகளைத் திறந்து திறந்து பாக்கிறா. அதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு அவவுக்கே தெரியும். ஆற்ற சாவெண்டாலும் அப்பாதான் ஓடினவர். உங்கட வீட்டுச் சாவுக்கும் அவர்தான் ஓடினவர். அதுக்குக் கள்ளன் எண்ட பேரோ கூலி?”

“கள்ளன் எண்டு ஆரம்மா சொன்னது?”

“கோயிலில எல்லாரும் கதைக்கினம்.”

அருமைராசா எவரிடமும் கதைக்கவில்லை. ஆனால் காசோலை கொடுத்த இரண்டு பேரிடம் கேட்டிருந்தார். குருவானவரிடம் கேட்டிருந்தார். அது போதும். அடுத்த ஞாயிறு கோயிலில் அஞ்சலீனா மறுபக்கத்து வாங்கு வரிசையில், ஜென்சிக்கும் மருமகனுக்கும் நடுவில் இருந்தார். பிரியந்தி பின் வரிசையில் நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பரீட்சை முடிந்திருந்த ஷெரோன் சொன்னபடி தகப்பனைச் சட்ட ஆலோசனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி போட்ட, நரைத்த ஒரு பெண் வழக்கறிஞர். கடிதத்தை இரண்டு நிமிடம் பார்த்தார். சிரித்தார். ஷெரோனிடம் பிரெஞ்சில் விரைவாக ஏதோ சொன்னார். ஷெரோனின் முகம் மலர்ந்தது.

“அப்பா! இப்பிடியான கடனுக்கு வழக்குப் போட இஞ்ச பொதுவா மூண்டு வருசம்தானாம். அதுக்குப் பிறகு கேட்டுக் கடிதம் போடலாம், போன் எடுக்கலாம். ஆனா கோட்டுக்குப் போனா, காலம் கடந்திட்டுது எண்டு நாங்கள் ஒரு வரி எழுதினாக் காணுமாம். நீங்கள் ஒண்டும் கட்டத் தேவையில்லை.”

அருமைராசா கதிரையின் கையைப் பிடித்தார்.

வழக்கறிஞர் கடிதத்தை மடிக்கப் போனவர், நின்று, ஒரு கேள்வி கேட்டார்.

“கடிதம் வந்த பிறகு ஏதாவது கட்டினனீங்களோ எண்டு கேக்கிறா,” என்ற ஷெரோன், தகப்பன் பக்கமே திரும்பாமல், “நோ” என்று பதில் சொன்னாள்.

“கட்டினனான்,” என்றார் அருமைராசா.

ஷெரோன் திரும்பிப் பார்த்தாள்.

“நூறு டொலர். மிச்சத்தைக் கட்டுறன் எண்டும் சொன்னனான். அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் கேட்டவள்.”

ஷெரோன் அதை மொழிபெயர்த்தாள். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். இனி அவ்வளவு இலகு இல்லை என்றார். கடனை ஒப்புக்கொண்டு, காலம் கடந்ததால் கிடைத்த பாதுகாப்பை நீங்களே விட்டுவிட்டீர்கள் என்று அவர்கள் வாதாடுவார்கள். நிச்சயம் வெல்வார்கள் என்றில்லை. உங்களுக்கு விளங்காமல் சொன்னீர்கள் என்று நாங்களும் சொல்லலாம். அதோடு, காசு ஏற்கனவே கட்டப்பட்டது என்றும் காட்ட முயற்சிக்கலாம். யாரிடம் கொடுத்தீர்கள்? அவர் இறந்துவிட்டாரா? அவருடைய மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் வந்து சாட்சி சொல்வார்களா?

ஷெரோன் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு மேசைக்கு முன்னால் அஞ்சலீனா அக்கா இருப்பதும், காசு எங்கே போனது என்று ஒருவர் பிரெஞ்சில் கேட்பதும், ஜென்சி அதைத் தாய்க்குத் தமிழில் சொல்வதும் கண்ணில் தெரிந்தன.

“வேண்டாம் எண்டு சொல்லு,” என்றார்.

“அப்பா, கேளுங்கோ—”

“வேண்டாம் பிள்ளை. நான் கட்டுறன்.”

மெற்றோ ரயிலில் திரும்பினார்கள். இரண்டு தரிப்புகள் தாண்டிய பிறகு, சனத்துக்கு நடுவில் நின்றபடி, பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தாள். “நான் சொன்னனான்தானே போனை எடுக்காதேங்கோ எண்டு? ஒரு கிழமை பொறுத்திருக்கலாமே அப்பா. ஒரே ஒரு கிழமை.” அவளுடைய கண் கலங்கியிருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வழக்குக்குப் போகாமல் விட்டது செபமாலையின் பெயருக்காகத்தான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் வழி இல்லை. அவர் மாதாமாதம் கட்டத் தொடங்கிய செய்தி எப்படியோ வெளியே போனது. கோயிலில் அது வேறு விதமாகக் காதில் விழுந்தது: பாவம் அருமை, செபமாலை விட்டுட்டுப் போன கடனை அவன் கட்டுறான்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிரியந்தியும் ஷெரோனும் ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்த நேரம், மணி அடித்தது. கதவைத் திறந்தால் அஞ்சலீனா நின்றார். ஜென்சியின் கார் இல்லாமல் எங்கேயும் போகாதவர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. அருமைராசா உள்ளே கூட்டிவந்து இருத்தினார். அஞ்சலீனா கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார், தேத்தண்ணி வேண்டாம் என்றார். கைப்பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

“ரெண்டாயிரம் இருக்கு. மிச்சம் பேந்து தாறன். ஜென்சிக்குத் தெரியாது.”

“அக்கா, என்ன இது? நான் காசு கேட்டு வரேல்லையே. ஒரு துண்டு இருக்கோ எண்டுதான்…”

“துண்டு இல்லைத் தம்பி. காசுதான் இருக்கு.”

“இதை நான் வாங்கினா சனம் என்ன சொல்லும்? அண்ணைதான் எடுத்தவர் எண்டு ஆகிடாதோ?”

“இப்பவும் அதைத்தானே சொல்லுது.”

அருமைராசா உறையைத் தொடவில்லை. அஞ்சலீனா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ காரின் குளிர்காலத்துச் சக்கரங்களைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பு சிமெந்தில் விழும் சத்தம் கேட்டது.

“அருமை,” என்றார் அவர். “அவர் அந்தக் காசைக் கட்டினவர் எண்டு நீ நம்புறியோ?”

ஓம் என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்த வான் வந்து நின்றது. ‘அலுவல் எல்லாம் முடிஞ்சுது’ என்ற குரலும் வந்தது. அந்தக் குரலில் ஏதாவது அவசரம் இருந்ததா என்று அவர் யோசித்தார். ஒரு கணம்தான்.

“ஓம் அக்கா,” என்றார். “நம்புறன்.”

அஞ்சலீனா தலையை ஆட்டினார். கோபம் ஒன்றும் இல்லை.

“என்னோட அவர் காசு விசயம் ஒருநாளும் கதைக்கிறேல்லை,” என்றார். “எவ்வளவு சேந்தது, எவ்வளவு குடுத்தவர், எனக்கு ஒண்டும் தெரியாது. நீ வந்திட்டுப் போன நாளில இருந்து நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். அந்தக் கிழமை அவர் நித்திரை கொள்ளேல்லை. அது பெடியன் செத்த கவலையோ, வேறயோ… எனக்கும் தெரியாது தம்பி. பிள்ளையளிட்டக் கேக்க ஏலாது. கோயிலில ஆரிட்டையும் கேக்க ஏலாது. நீ அவரோட கூட நிண்டனி. நான் கேட்ட உடன நீ ஓம் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சு வந்தன்.”

“அக்கா, நான் சொன்னனான்தானே. நம்புறன் எண்டு சொன்னனான்.”

“ஓம். சொன்னனி.”

அருமைராசா உறையை எடுத்து அஞ்சலீனாவின் கைப்பைக்குள் வைத்தார். அஞ்சலீனா தடுக்கவில்லை, பையை அவர் பக்கம் நகர்த்தவுமில்லை. யாருடையதோ பை போல அது மடியில் திறந்து கிடந்தது. அருமைராசாவே அதன் வாயை மூடினார்.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றபோது மறுக்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அருமைராசா ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். செபமாலை அண்ணை எத்தனை பேருக்கு ஓடினவர் என்று தொடங்கலாம். இப்போது தொடங்கினால், பிந்திச் சொன்ன அந்த ஓமுக்கு வக்காலத்து வாங்குவது போலத்தான் இருக்கும். விளக்கு பச்சைக்கு மாறியது.

அபார்ட்மென்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே அஞ்சலீனா நிறுத்தச் சொன்னார்.

“வாசலுக்கு வரவேண்டாம் தம்பி. ஜென்சி நிப்பாள்.”

அவர் இறங்கி, நடைபாதை ஓரத்துக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து போவதை, திருப்பத்தில் மறையும்வரை அருமைராசா காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

இலையுதிர் காலத்தில் அந்தக் கொம்பனி தானாகவே ஒரு கடிதம் போட்டது. ஒரே தடவையில் கட்டினால் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பார்களாம். பிரியந்தி தான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டைக் கழித்துக் காசு எடுத்தாள். கட்டி முடித்தார்கள். கணக்கு மூடப்பட்டது என்று ஒரு தாள் வந்தது. ஷெரோன் அதைப் படம் எடுத்து, தன் கணினியிலும் போனிலும் தகப்பனின் போனிலும் சேமித்தாள். “இனி ஆரும் கேக்க ஏலாது,” என்றாள்.

அருமைராசா தலையாட்டினார். அந்தத் தாளை அஞ்சலீனா அக்காவிடம் காட்டலாமா, முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று சில நாட்கள் யோசித்தார். சொன்னால் அவருக்கு என்ன கேட்கும்? கட்ட வேண்டியிருந்தது, அதனால் கட்டினேன் என்றுதான் கேட்கும். சொல்லாமல் விட்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் வாசலில் கோட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்ற நெரிசலில், அஞ்சலீனா அவருக்கு நேரே வந்துவிட்டார். விலக இடம் இருக்கவில்லை.

“சுகமோ தம்பி?”

“ஓம் அக்கா. நீங்கள்? முழங்கால் எப்பிடி?”

“இருக்கு. குளிருக்குக் கொஞ்சம் கூட.”

“கவனமா இருங்கோ.”

“ஓம்.”

ஜென்சி காரைக் கொண்டுவந்து படிகளுக்குக் கீழே நிறுத்தினாள். முதல் பனி விழத் தொடங்கியிருந்தது, படிகள் வழுக்கின. கையைக் கொடுக்கலாமா என்று அருமைராசா ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் மருமகன் வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.